உங்கள் புரோகிராமிங் நிலை என்ன? ஒரு மழைக் கணக்கு சொல்லிவிடும்

புரோகிராமிங் கற்றுக் கொள்ள விரும்புபவர்களுக்கு இன்று பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை. புத்தகம், வீடியோ, ஆன்லைன் கோர்ஸ் என எந்தப் பக்கம் திரும்பினாலும் கிடைக்கின்றன. எல்லாவற்றின் மீதும் பிகினர், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு என ஏதாவது ஒரு லேபிள் ஒட்டப்பட்டிருக்கும். இவற்றில் நாம் எதில் சேர வேண்டும் என்பதுதான் பலருக்கும் வரும் சந்தேகம். "காலேஜில் இரண்டு செமஸ்டர் சி படித்திருக்கிறேன், அப்படியானால் நான் இன்டர்மீடியட்தானே?" என்று வருடக் கணக்கை வைத்தே முடிவு செய்து விடுகிறோம். கற்றுக் கொடுப்பவரும் அதை நம்பித்தான் பாடத்தைத் தயாரிக்கிறார்.

செக்யூரிட்டி பாடங்களின் நிலைமை இன்னும் மோசம். அவை எப்போதும் அட்வான்ஸ்டு புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில்தான் இருக்கும். அந்த அத்தியாயத்தைத் தொடுவதற்கு முன்பே நம் மாணவர், தெரிந்த கடைக்காரர் ஒருவருக்கு லாகின் வசதியுடன் ஒரு வெப்சைட்டைச் செய்து கொடுத்திருப்பார். அந்த வெப்சைட்டில் வாடிக்கையாளர்களின் பெயர், போன் நம்பர், பாஸ்வேர்ட் எல்லாம் பதிவாகிக் கொண்டிருக்கும்.

படித்த காலத்தை வைத்து நிலையை அளக்க முடியாது என்பதற்கு ஒரு பழைய ஆதாரம் உண்டு. 2001ஆம் ஆண்டில் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையிலான ஒரு குழு, நான்கு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 216 மாணவர்களின் புரோகிராமிங் திறமையைச் சோதித்தது. எழுதச் சொன்னது, எளிய கால்குலேட்டர் போல இயங்கும் ஒரு புரோகிராம். மொத்த மதிப்பெண் 110. மாணவர்கள் எடுத்த சராசரி எவ்வளவு தெரியுமா? 22.89. ஆரம்பப் பாடங்களைக் கடந்து வந்தவர்களின் நிலை இது.

நோவாவின் மழைக் கணக்கு

அப்படியானால் எதை வைத்து அளப்பது? 1980களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சோலோவே என்பவரும் அவருடைய குழுவினரும் மாணவர்களுக்குக் கொடுத்த ஒரு கணக்கு, இன்று வரை இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமாக இருக்கிறது. ரெயின்பால் பிராப்ளம் என்று பெயர். கப்பலைக் கட்டி வைத்துவிட்டு மழைக்காகக் காத்திருக்கும் நோவாவுக்கு ஒரு புரோகிராம் எழுத வேண்டும். தினமும் பெய்த மழையின் அளவை அவர் டைப் செய்வார். 99999 என்று டைப் செய்தால் பட்டியல் முடிந்துவிட்டது என்று பொருள். அது மழை அளவு அல்ல. நெகட்டிவ் எண் வந்தால் ஏற்றுக் கொள்ளக் கூடாது. கடைசியில் மொத்தம் எத்தனை நாள், மழை பெய்த நாட்கள் எத்தனை, சராசரி எவ்வளவு, அதிகபட்ச மழை எவ்வளவு என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான். அந்த மாணவர்கள் பாஸ்கல் மொழியில் எழுதினார்கள். நீங்கள் சி, ஜாவா, பைத்தான் என எதில் வேண்டுமானாலும் எழுதலாம்.

இங்கேயே நிறுத்தி, ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, எந்த உதவியும் இல்லாமல் எழுதிப் பாருங்கள். பிறகு தொடர்ந்து படிக்கலாம்.

எழுதி விட்டீர்களா? இப்போது 12, 0, 5, -3, 40, 99999 என்று வரிசையாகக் கொடுத்து என்டர் தட்டுங்கள். மொத்தம் 4 நாட்கள், மழை நாட்கள் 3, சராசரி 14.25, அதிகபட்சம் 40 என வர வேண்டும். சராசரி 20011.2 என்று வந்தால், 99999ஐயும் ஒரு நாள் மழையாகக் கூட்டி விட்டீர்கள் என்று அர்த்தம். லூப்பில் எண்ணை வாங்கும் வரி, சோதிக்கும் வரி, கூட்டும் வரி ஆகியவற்றின் வரிசை உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. வெறும் 14 என்று வந்தால், இன்டிஜரை இன்டிஜரால் வகுக்கும்போது புள்ளிக்குப் பின் உள்ளவை காணாமல் போவதை நீங்கள் கவனிக்கவில்லை. இந்த இரண்டும் சரியாக வராதவர்கள் எந்த மொழியை எத்தனை வருடம் படித்திருந்தாலும் பிகினர் பாடத்தில் சேருவதுதான் நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடுத்து, முதல் எண்ணாகவே 99999 கொடுங்கள். ஒரு நாள் கூட பதிவாகவில்லை. ஆனால் சராசரி காண பூஜ்யத்தால் வகுக்க வேண்டியிருக்கும். பைத்தான் எர்ரர் காட்டி நின்றுவிடும். சி மொழியில் இன்டிஜர் வகுத்தலாக இருந்தால் பெரும்பாலும் புரோகிராமே கிராஷ் ஆகும். இதை முன்கூட்டியே யோசித்து "டேட்டா இல்லை" என்று ஒரு வரி எழுதியவர் அடுத்த படிக்குப் போய்விட்டார்.

இனிதான் சுவாரஸ்யம். எண்ணுக்குப் பதிலாக "பத்து" என்று எழுத்தில் டைப் செய்யுங்கள். சி மொழியில் ஸ்கேன்எப் பங்ஷன் மூலம் எண்ணை வாங்கியிருந்தால், அது அந்த எழுத்துக்களை எண்ணாக மாற்ற முடியாமல் அப்படியே விட்டுவிடும். அடுத்த சுற்றிலும் அதே எழுத்துக்கள் வாசலில் நின்று கொண்டிருக்கும். விளைவு, புரோகிராம் முடிவே இல்லாமல் சுற்றும். ஸ்கேன்எப் எத்தனை மதிப்புகளை வெற்றிகரமாக வாங்கியது என்று ஒரு எண்ணைத் திருப்பித் தருகிறது. நம் புத்தகங்களில் அதைச் சோதிக்கும் பழக்கம் ஏனோ வரவே இல்லை.

பழைய டர்போ சி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. அதில் இன்ட் என்பது 16 பிட் அளவு. அதிகபட்சம் 32767 வரைதான் தாங்கும். 99999 அதில் அடங்கவே அடங்காது என்பதால் நிறுத்தச் சொல்லும் எண்ணைக் கொடுத்தும் லூப் நிற்காது! லாங் என்று அறிவித்தால்தான் சரியாகும். டேட்டா டைப்பின் அளவை மறப்பது வீட்டுக் கம்ப்யூட்டரில் வேடிக்கையாக முடியலாம். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்திற்குள் வெடித்துச் சிதறியதற்கு, ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் இன்டிஜராக மாற்றியதுதான் காரணம்.

இப்போது கவனியுங்கள். "பத்து" என்று டைப் செய்ததும், பெரிய எண்ணைக் கொடுத்ததும் புரோகிராமிங் சோதனையா, செக்யூரிட்டி சோதனையா? இரண்டும்தான். யூசர் கொடுக்கும் எதையும் சோதிக்காமல் நம்பக் கூடாது என்பதுதான் செக்யூரிட்டியின் முதல் பாடம். அதற்கு லூப் தெரிந்தால் போதும். அட்வான்ஸ்டு வரை காத்திருக்கத் தேவையில்லை.

சொன்னால்தான் செய்வார்கள்

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் 20 பேரிடம் ஒரு சோஷியல் நெட்வொர்க் தளத்திற்கு யூசர் பதிவு செய்யும் பகுதியை எழுதச் சொன்னார்கள். பத்துப் பேரிடம் பாஸ்வேர்டைப் பாதுகாப்பாகச் சேமிக்க வேண்டும் என்று சொன்னார்கள். மற்ற பத்துப் பேரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விடப்பட்டவர்களில் ஒருவர் கூட பாதுகாப்பாகச் சேமிக்கவில்லை. மாணவர்கள் என்பதால் இப்படியா என்று பார்க்க, 43 ப்ரீலான்ஸ் புரோகிராமர்களை வைத்து மீண்டும் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. காசு வாங்கிக் கொண்டு வேலை செய்யும் அவர்களிலும் சிலர், பேஸ்64 முறையில் எழுத்துக்களை மாற்றிவிட்டு பாஸ்வேர்டைப் பாதுகாத்து விட்டதாக நினைத்திருந்தார்கள். பேஸ்64 என்பது பூட்டு அல்ல, வேறு உறை மட்டுமே. யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் பழைய எழுத்துக்களைத் திரும்ப எடுத்து விடலாம். பாஸ்வேர்டுக்கு 1999இல் அறிமுகமான பிகிரிப்ட், 2015இல் பாஸ்வேர்ட் ஹேஷிங் போட்டியில் வென்ற ஆர்கான்2 போன்ற முறைகள் இருக்கின்றன. பிஎச்பி மொழியில் இதற்கு ரெடிமேட் பங்ஷனே உண்டு.

ஆகவே பாடம் தயாரிப்பவர்களுக்கு என் கருத்து இதுதான்: செக்யூரிட்டியைத் தனிப் பாடமாக வைக்காதீர்கள். ஒவ்வொரு நிலையிலும் அந்த நிலைக்கு உரிய பாதுகாப்பைச் சேர்த்தே சொல்லுங்கள். சி மொழியில் ஸ்டிரிங் சொல்லித் தரும் அன்றே, கெட்ஸ் பங்ஷன் ஏன் ஆபத்து என்று சொல்லிவிட வேண்டும். யூசர் எவ்வளவு நீளமாக டைப் செய்தாலும் அது அளவே பார்க்காமல் மெமரியில் எழுதிக் கொண்டே போகும். 1988 நவம்பர் 2 அன்று இன்டர்நெட்டைத் திணறடித்த மோரிஸ் வார்ம் நுழைந்த வழிகளில் ஒன்று, பிங்கர் சர்வீஸில் இருந்த இந்த கெட்ஸ்தான். சி மொழியின் 2011ஆம் ஆண்டு தரத்தில் அந்தப் பங்ஷனையே தூக்கி விட்டார்கள். ஆனாலும் பழைய புத்தகங்களின் பக்கங்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

டேட்டாபேஸ் பாடத்திற்கும் இதே விதி. யூசர் டைப் செய்த பெயரை அப்படியே எஸ்க்யூஎல் வரியோடு ஒட்டினால், ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைச் சேர்த்து வரியின் அர்த்தத்தையே மாற்றி விடலாம். கூடவே 1=1 போன்ற, எப்போதும் உண்மையாகும் ஒரு நிபந்தனையைப் போட்டால் பாஸ்வேர்ட் இல்லாமலே லாகின் ஆகிவிடும். இதுதான் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன். பிரிபேர்டு ஸ்டேட்மென்ட் என்ற முறையில் எழுதினால் இந்த வழி அடைபட்டு விடும். முதல் செலக்ட் வரியையே அந்த முறையில் சொல்லிக் கொடுத்தால் என்ன? பாடம் எளிதாக இருக்க வேண்டும் என்று ஆபத்தான முறையை முதலில் காட்டி, சரியான முறையைப் பிறகு சொல்கிறேன் என்கிறார்கள். மாணவர் அந்தப் "பிறகு" வரை இருப்பதில்லை. காப்பி எடுத்துக் கொண்டு கிளம்பி விடுகிறார். 2017இல் வெளியான ஒரு ஆய்வில் கிட்ஹப் தளத்தில் உள்ள 64,415 பிஎச்பி புராஜெக்ட்களை அலசியபோது, பிரபலமான பாடங்களில் இருந்த ஓட்டையான வரிகளைப் போலவே அமைந்த 117 ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஆசிரியரின் ஒரு வரி எங்கெல்லாம் போய்ச் சேருகிறது பாருங்கள்!

எழுதுவதை விட படிப்பது

இன்று இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. மழைக் கணக்கைக் கொடுத்தால் சாட்ஜிபிடி போன்றவை சில நொடிகளில் எழுதிக் கொடுத்துவிடும். எனவே வீட்டில் எழுதி வந்த புரோகிராமை வைத்து ஒருவரின் நிலையை அளக்க முடியாது. நான் ஜூனியர்களுக்குச் சொல்லித் தரும்போது, பதினைந்து வரி புரோகிராம் ஒன்றைப் பேப்பரில் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஓட்டாமலே விடை என்ன வரும் என்று கேட்பேன். கூடவே, "இதைக் கெடுக்க நினைக்கும் ஒருவர் என்ன டைப் செய்வார்?" என்றும் கேட்பேன். முதல் கேள்விக்குத் தடுமாறுபவரிடம் இன்ஜெக்ஷன் பற்றிப் பேசுவது வீண். முதல் கேள்விக்குச் சரியாகச் சொல்லிவிட்டு இரண்டாவதில் விழிப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்குத்தான் செக்யூரிட்டி பாடம் உடனே தேவை.

இந்த முறைக்கும் பின்னணி உண்டு. 2004இல் ரேமண்ட் லிஸ்டர் தலைமையிலான குழு பல நாடுகளின் மாணவர்களுக்கு, புரோகிராமைப் படித்து விடை சொல்லும் கேள்விகளை மட்டும் கொடுத்தது. சிறிய புரோகிராமைக் கூட வரி வரியாகப் பின்தொடர முடியாமல் பலர் திணறினார்கள். எழுத வராததற்குக் காரணம் பல சமயம் படிக்க வராததுதான்.

மழைக் கணக்கைத் தாண்டி வந்தவர்கள் வீட்டிலேயே பயிற்சி எடுக்க, வேண்டுமென்றே ஓட்டைகளுடன் தயாரிக்கப்பட்ட இலவச சாப்ட்வேர்கள் இருக்கின்றன. ஓவாஸ்ப் அமைப்பின் வெப்கோட், ஜூஸ் ஷாப் இரண்டும் அப்படிப்பட்டவை. ஓட்டைகள் நிறைந்தவை என்பதால் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே, முடிந்தால் ஒரு விர்ச்சுவல் மெஷினில் நிறுவி ஓட்டுங்கள். இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள். கற்ற வித்தையை அடுத்தவர் வெப்சைட்டில் அனுமதியின்றிச் சோதிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66ஆம் பிரிவுப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம்.