நாடு விட்டு நாடு சென்ற பயிற்றுநர்

கூடைப்பந்தாட்டப் பயிற்றுநரின் தொழில் விசித்திரமானது. ஆட்டம் நடக்கையில் அவர் எல்லைக்கோட்டைத் தாண்டிக் களத்துள் இறங்க முடியாது. பந்தைத் தொடவும் முடியாது. நாற்பது நிமிஷ ஆட்டத்தில் வீரரை ஒன்றுசேர்த்துப் பேச அவருக்குக் கிடைப்பவை சில இடைவேளைகளும், ஒரு நிமிஷமே நீளும் சில இடைநிறுத்தங்களும் மாத்திரமே. வெற்றி வந்தாற் புகழ் வீரருக்கு. தோல்வி தொடர்ந்தால் முதலில் வேலை இழப்பவர் பயிற்றுநர். ஆதலால் இத்தொழிலை மேற்கொண்டோர் பலர் ஒரு நாட்டில் நிலைகொள்வதில்லை. அங்ஙனம் பல நாடு சென்றவர்களுள் சேர்பியரான ஷெல்கோ ஒப்றடோவிச் தலையாயவர். ஐரோப்பியக் கழகங்களுக்கான முதன்மைக் கிண்ணத்தை அவர் ஒன்பது முறை வென்றார். அவ்வொன்பதும் ஐந்து வெவ்வேறு கழகங்களுடன் வென்றவை.

1960ஆம் ஆண்டிற் பிறந்த ஒப்றடோவிச், பெல்கிரேட் நகரின் பார்ட்டிசான் கழகத்திலும் யூகோஸ்லாவிய தேசிய அணியிலும் ஆடியவர். 1991இல் ஆட்டத்தை விட்டு, அதே கழகத்தின் பயிற்றுநரானார். நேற்றுவரை தோளோடு தோள் நின்று ஆடியவர்களுக்கு இன்று கட்டளையிடுவது எளிதன்று. அவருக்கு ஆலோசகராக அலெக்சாண்டர் நிக்கொலிச் என்னும் முதியவர் அமர்ந்தார். நிக்கொலிச்சும் பிறநாடு சென்று பயிற்றியவரே. இத்தாலியின் வரேசே நகரக் கழகம் 1970, 1972, 1973 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பிய வாகை சூடியது அவர் கையில். எனவே, அயல்நாட்டிற் கற்பிப்பது எப்படி என்பதை அறிந்த ஒருவரே இளைஞருக்கு வழிகாட்டினார் எனலாம்.

அந்த ஆண்டு யூகோஸ்லாவியாவிற் போர் மூண்டது. சொந்த நகரில் ஐரோப்பியப் போட்டிகளை நடத்த இயலாமையால், பார்ட்டிசான் கழகம் தன் ‘சொந்தக் கள’ ஆட்டங்களிற் பெரும்பாலானவற்றை ஸ்பெயினில், மட்றிட்டுக்குத் தெற்கே உள்ள புவென்லபிராதா என்னும் ஊரில் ஆடியது. அவ்வூர் மக்கள் அந்நியரான அவ்விளைஞர்களைத் தம்மவராக ஏற்று ஆரவாரித்தனர். 1992 ஏப்ரிலில் இஸ்தான்புல் நகரில் இறுதியாட்டம். எதிரணி பதலோனா நகரின் ஜுவெந்தூட், ஒரு ஸ்பானியக் கழகம். முடிவுக்குச் சில செக்கன்கள் இருக்கையில் பார்ட்டிசான் இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்தது. அலெக்சாண்டர் ஜோர்ஜெவிச் தூரத்திலிருந்து எறிந்த பந்து மூன்று புள்ளிகளைத் தந்தது. 71க்கு 70.

ஆனால் வென்ற கிண்ணத்தைக் காக்கும் வாய்ப்பு அவ்வணிக்குக் கிடைக்கவில்லை. 1992 மே மாதம் ஐக்கிய நாடுகள் சபை விதித்த தடை விளையாட்டையும் கட்டிற்று. 1993இல் ஒப்றடோவிச்சை வேலைக்கு அழைத்தது எக்கழகம்? அவரிடம் ஒரு புள்ளியால் தோற்ற அதே ஜுவெந்தூட்! தம்மைத் தோற்கடித்தவனிடம் பாடங்கேட்க முன்வருவதற்கு ஒரு பெருந்தன்மை வேண்டும். 1994இல் ரெல் அவீவ் இறுதியாட்டத்தில் அக்கழகம் கிரேக்க அணியான ஒலிம்பியாக்கோசை 59க்கு 57 என வென்றது. வெற்றிப் புள்ளிகளைத் தந்தவர் கோர்னி தொம்சன் என்னும் அமெரிக்கர். மறு ஆண்டு மட்றிட்டின் றியல் கழகம், லித்துவேனிய நெடியவரான சபோனிசைத் துணைக்கொண்டு, அதே ஒலிம்பியாக்கோசை வென்றபோதும் பயிற்றுநர் இவரே.

இத்தாலியில் ஈராண்டு கழித்தபின் 1999இல் ஏதென்ஸ் நகரின் பனத்தினைக்கோஸ் கழகத்துக்குச் சென்றார். பதின்மூன்று பருவங்கள் அங்கே தங்கினார். ஓயாது இடம்மாறும் தொழிலில் இது அபூர்வம். ஐந்து ஐரோப்பியக் கிண்ணங்களும் பதினொரு கிரேக்கப் பட்டங்களும் கிடைத்தன. அவர் அங்கு சென்ற சிறிது காலத்துள் ஆட்டவிதியே மாறிற்று. ஓர் அணி பந்தைக் கூடைநோக்கி எறிவதற்கு இருந்த 30 செக்கன் அவகாசம், 2000ஆம் ஆண்டில் 24 ஆகக் குறைக்கப்பட்டது. ஆறு செக்கன் அற்பமெனத் தோன்றலாம். ஆனால் ஆறுதலாகத் திட்டமிட்டுப் பழகிய அணியெல்லாம் பாடத்தைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. அவ்விதியின் கீழும் 2002, 2007, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் அவர் வென்றார். 2017இல் துருக்கியின் பெனர்பாச்சே கழகத்துக்கு ஒன்பதாவது கிண்ணத்தை ஈட்டினார். துருக்கியக் கழகமொன்று அதனைப் பெற்றது அதுவே முதன்முறை.

சொந்த நாட்டிலே கதை வேறு. 1998இல் யூகோஸ்லாவிய அணியை உலக வாகையர் ஆக்கியவர், 2005இல் சொந்த மண்ணிலேயே நடைபெற்ற ஐரோப்பியப் போட்டியில், தம்மவர் கண்முன்னே, சேர்பியா மொன்ரநீக்ரோ அணியோடு பிரான்சிடம் தோற்று வெளியேறிப் பதவி துறந்தார். கழகப் பயிற்றுநருக்குப் பழக்கிக்கொள்ள மாதங்கள் உண்டு. தேசிய அணிக்குக் கிடைப்பவை சில வாரங்கள். பலவிடங்களில் ஆடும் பெரும்புள்ளிகளை அதற்குள் ஓரணியாக்குவது அவராலும் எப்போதும் இயன்றதன்று.

பார்ட்டிசானை விட்டு இருபத்தெட்டு ஆண்டுகளின் பின், 2021இல், அவர் அதே கழகத்துக்குத் திரும்பினார். அப்போது அவர்முன் வந்து நின்ற வீரர் பலர் இஸ்தான்புல் இறுதியாட்டத்துக்குப் பின் பிறந்தவர்கள்.