அம்மாவுக்கு ஒரு புது விலாசம்

பிள்ளைகள் வெளியூரில், பெற்றோருக்கு வீடு தேடுவதோ தொலைபேசியிலும் வண்ணப் படங்களிலும். கட்டடத்தைப் பார்த்து மயங்குபவர்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படிப்பதில்லை.

குளியலறையில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்தான் கதவை உடைத்துத் தூக்கினார். இரவு பதினோரு மணிக்குச் செய்தி போகிறது. மகன் குர்காவ்னில், மகள் நியூஜெர்சியில். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். அம்மா கொஞ்சம் தேறியதும், விடுப்பு முடிவதற்குள் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி எழுகிறது: அம்மா இனி எங்கே இருப்பார்?

தஞ்சாவூரில் மட்டுமல்ல, பாலக்காட்டிலும் கொல்கத்தாவிலும் ஜாம்ஷெட்பூரிலும் குடும்பங்களை உலுக்கும் கேள்வி இது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 7.66 கோடி. 2011இல் அது 10.38 கோடியாகிவிட்டது. ஆயுள் நீண்டிருக்கிறது, பிள்ளைகளோ வேலை தேடி வெகுதூரம் போய்விட்டார்கள்.

முன்பெல்லாம் இரண்டே வழிகள்தான். ஒன்று, பிள்ளையோடு போய் இருப்பது. மற்றது, வெளியே சொல்லக் கூசிய முதியோர் இல்லம். இன்று நடுவில் ஒரு பெரிய சந்தை உருவாகிவிட்டது. கோவை, பெங்களூர், புனே, டெஹ்ராடூன், தில்லியை அடுத்த பிவாடி என்று பல இடங்களில் மூத்த குடிமக்களுக்கென்றே குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. விளம்பரங்களில் புல்வெளி, கோயில், யோகா, சுத்த சைவச் சாப்பாடு. மகன் கணினித் திரையில் பார்த்து முன்பணம் கட்டுகிறார். அம்மா அந்த வீட்டை முதல் முறையாகப் பார்ப்பது, இரண்டு பெட்டிகளோடு அங்கே போய் இறங்கும் நாளில்தான்.

அவசரப்படுவதால் நிகழும் தவறு, வரிசையை மாற்றிவிடுவது. பழைய வீட்டை விற்ற பிறகே புது இடம் ஒத்துவருமா என்ற யோசனை வருகிறது. ஒத்துவராவிட்டால் திரும்பிப் போக இடமில்லை.

யாருடைய பணம்?

பழைய வீடு யாருடையது என்பதே பல குடும்பங்களில் தெளிவாக இருப்பதில்லை. தான் சம்பாதித்துக் கட்டிய வீட்டுக்கு அப்பா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவும் மகன்களும் மகள்களும் அதில் சம பங்குதாரர்கள். அப்பாவின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. எனவே, விற்ற பணத்தில் சட்டப்படி அம்மாவுக்கு வருவது ஒரு பங்குதான். பிள்ளைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தாலொழிய, புது வீட்டுக்கான செலவுக்கு அது போதாமல் போகலாம்.

வீட்டை அம்மா பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பியிருப்பதும் உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு இதற்கு ஒரு பாதுகாப்பு தருகிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெறலாம். ஆனால் அப்படி ஒரு நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகவே படிக்க வேண்டும் என்று கூறி, மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் மகனுக்குக் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்தது. வழக்கு என்று போனால் வென்றாலும் வருடங்கள் ஓடிவிடும். நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவது, அதைவிட விற்ற பணத்தை அம்மாவின் பெயரிலேயே வைத்திருப்பது உத்தமம்.

மூன்று விதமான ஒப்பந்தங்கள்

முதியோர் குடியிருப்பில் இடம் கிடைப்பது பெரும்பாலும் மூன்று வகைகளில்தான். முதலாவது, கிரயம். வீடு சொந்தம், பத்திரப் பதிவு உண்டு, வாரிசுகளுக்கும் போகும். ஆனால் வயது வரம்பு எட்டாத வாரிசு அங்கே குடியேற முடியாது என்று விதி இருக்கலாம். இரண்டாவது, ஒரு பெரிய தொகையை வைப்பாகக் கட்டி ஆயுள்வரை இருக்கும் உரிமை. வெளியேறும்போது எவ்வளவு, எத்தனை மாதத்தில் திரும்பும் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. மூன்றாவது, மாத வாடகை.

எந்த வகையானாலும் பராமரிப்பு, சாப்பாடு, நர்ஸ் என்று மாதாமாதம் தனிக் கட்டணங்கள் உண்டு. ஆண்டுக்கு எவ்வளவு உயரும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். குடும்ப ஓய்வூதியம் அதே வேகத்தில் உயராது.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டடம் சொன்ன தேதியில் முடிகிறதா, சொன்ன அளவில் இருக்கிறதா என்று பார்க்கும். சாப்பாட்டையும் நர்ஸையும் பார்க்காது. முதியோர் குடியிருப்புகளுக்கென மத்திய அரசு 2019இல் மாதிரி விதிமுறைகளை வெளியிட்டது. அவை மாதிரிதான், மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்தினால்தான் கட்டுப்படுத்தும்.

படுக்கையில் விழுந்தால்?

விளம்பரத்தில் இல்லாத கேள்வி இது. சில இடங்களில், தானாக நடமாட முடியாதவரை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கும். ஞாபகமறதி நோய் வந்தாலும் அதே கதிதான். அம்மாவை இடம் மாற்றியதே அந்த நாளுக்காகத்தான் எனும்போது, அந்த ஒரு வரிக்காகவே முழு ஒப்பந்தத்தையும் படிக்க வேண்டும். இரவில் மணி அடித்தால் யார் வருவார்கள்? ஆம்புலன்ஸ் வளாகத்திலேயே நிற்கிறதா? ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கையெழுத்துப் போடுவது யார்? பதில்கள் வாய்ச்சொல்லாக இருந்தால் போதாது.

அதிகாரப் பத்திரத்தை நம்பியிருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. வங்கிக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் போவதற்கு அம்மா மகனுக்குப் பவர் எழுதிக் கொடுக்கிறார். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவரின் புத்தி சுவாதீனம் போனால் அந்தப் பவரும் முடிந்துபோகும். அதாவது, மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது பயன்படாது. அம்மா தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்கில் இணைப்புப் பெயர், நியமனதாரர், உயில் ஆகியவற்றை முடித்துவிட வேண்டும்.

ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும்

தில்லிக்கு அருகில் இருந்தால் மகன் வாரம் ஒருமுறை வந்து பார்க்கலாம். ஆனால் பிவாடியில் தமிழ் பேசிச் சிரிக்க அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? கோவையில் பேச்சுத் துணை உண்டு. மகன் வரவோ விமானம் ஏற வேண்டும். இதில் எது பெரிது என்பதைச் சொல்ல வேண்டியவர் அம்மா. சில சமயம் அவர் சொல்லும் பதில் இரண்டுமே அல்ல. அதே தெருவில் படியில்லாத ஒரு கீழ்த்தள வாடகை வீடு, இரவுத் துணைக்கு ஓர் ஆள், குளியலறையில் கைப்பிடி, அவ்வளவு போதும் என்பார். பழகிய டாக்டரும் காய்கறிக்காரரும் கோயிலும் அங்கேயே இருக்கிறார்கள். இந்த யோசனையைச் செலவுக் கணக்குப் போடாமலேயே தள்ளிவிடும் பிள்ளைகள் அதிகம்.

போவது என்று முடிவானால், முதலில் ஒரு மாதம் விருந்தினராகத் தங்க அனுமதிக்கும் இடங்களைத் தேடுவது நல்லது. பிள்ளைகளில் ஒருவராவது நேரில் போய், மேலாளரிடம் மட்டுமல்லாமல் அங்கே குடியிருப்பவர்களிடமும் பேச வேண்டும். அதுவும் சாப்பாட்டு நேரத்தில். மத்திய அரசு ஓய்வூதியக் குடும்பமானால் அந்த ஊரில் மத்திய அரசு சுகாதாரத் திட்ட மருந்தகம் உண்டா என்று பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ்வுச் சான்றிதழை 2014 முதல் ஆதார் வழியாக மின்னணு முறையில் தர முடிவதால், ஊர் மாறுவதில் ஒரு தலைவலி குறைந்திருக்கிறது. சந்தேகங்களுக்கு 14567 என்ற தேசிய முதியோர் உதவி எண் இருக்கிறது.

மற்றதெல்லாம் மெதுவாக நடக்கலாம். அம்மா புது இடத்தில் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் கழித்து, இங்கேயே இருக்கிறேன் என்று தன் வாயால் சொல்லும்வரை, பழைய வீட்டின் சாவி தரகர் கைக்குப் போக வேண்டியதில்லை.