நம்ம மலையை நிஜம் போல் செய்வது எப்படி?



போன வருஷம் அறிவியல் கண்காட்சிக்கு நானும் என் தோழிகள் மூன்று பேரும் 'ஏலகிரி மலையும் ஜோலார்பேட்டை ரயிலும்' என்று ஒரு மாடல் வைத்தோம். தெர்மாகோலை வெட்டி, பச்சை பெயிண்ட் அடித்து, முன்னால் பொம்மை ரயிலை நிறுத்தினோம். அவ்வளவுதான். பார்க்க வந்த என் தாத்தா ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, இது எந்த ஊரு மல?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் பிறந்து வளர்ந்த மலையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை!

இந்த வருஷம் மறுபடியும் செய்தோம். அப்போது கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

1. முதலில் பார்க்க வேண்டும்

நாம் மலை மேலேயே இருக்கிறோம். அதனால் மலையைப் பார்ப்பதே இல்லை. ஒரு சனிக்கிழமை டீச்சரோடு பஸ்ஸில் 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ஜோலார்பேட்டைக்குப் போய் நின்று பார்த்தோம். மலை பச்சையாகவே இல்லை! கிட்டே இருக்கும் மரம் பச்சை, அதிலும் மஞ்சளும் பழுப்பும் கலந்த பச்சை. தூரத்துச் சரிவு நீலம், அதற்கும் பின்னால் சாம்பல் நிறம். நமக்கும் மலைக்கும் நடுவே உள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதுதான் காரணம் என்று டீச்சர் விளக்கினார்கள். எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டோம்.

2. அளவு

மாடல் ரயிலில் அதிகம் பேர் பயன்படுத்தும் அளவு 1:87. இதை 'ஹெச்.ஓ.' அளவு என்பார்கள். அதாவது நிஜத்தில் 87 செ.மீ. இருந்தால் மாடலில் 1 செ.மீ. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 2001-ல் திறந்த பெரிய மாடல் ரயில் காட்சி இந்த அளவில்தான் இருக்கிறது. நம் நாட்டிலும் புனேயில் ஜோஷி என்பவர் அமைத்த சின்ன ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இருக்கிறது.

நம்ம அகல ரயில் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் சுமார் 1.9 செ.மீ. ஈர்க்குச்சியை அந்த இடைவெளியில் ஒட்டினோம். அடியில் போடும் ஸ்லீப்பர் கட்டைக்குத் தீக்குச்சியை 3.2 செ.மீ. ஆக நறுக்கி, 7 மி.மீ.க்கு ஒன்று வைத்தோம்.

மலைக்குத்தான் சிக்கல். அடிவாரத்திலிருந்து மேலே ஏறக்குறைய 700 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 8 மீட்டர் வருகிறது. வகுப்பறைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்! அதனால் கண்ணை ஏமாற்ற வேண்டும். முன்னால் பெரிய மரம், நடுவில் சின்ன மரம், பின்னால் புள்ளி போல் மரம் வைத்தால் இரண்டடி மலையும் தூரத்தில் பெரிதாக நிற்பது போல் தெரியும்.

3. மலை

பழைய பேப்பரைக் கசக்கி, சணல் நூலால் கட்டி, மேலே பழைய வேட்டித் துணியை மைதா பசையில் நனைத்துப் போர்த்த வேண்டும். பாறைக்குத் தெர்மாகோலைக் கத்தியால் வெட்டக் கூடாது, கையால் உடைக்க வேண்டும். உடைந்த பக்கம்தான் பாறை மாதிரி இருக்கும். அதன் மேல் தண்ணீராகக் கரைத்த கறுப்பு வர்ணத்தை விட்டால் பள்ளத்தில் போய்த் தங்கும். காய்ந்த பிறகு, ஈரமில்லாத பிரஷ்ஷில் கொஞ்சம் வெள்ளை தொட்டு மேடான இடத்தில் மட்டும் தேய்க்க வேண்டும்.

(மாடலை உயரத்தில் வையுங்கள். மைதா பசை என்றால் எலிக்கு உயிர். எங்கள் முதல் மலையில் பாதி அதற்குத்தான்.)

4. மண், புல், மரம்

மணலை அப்படியே கொட்டாதீர்கள். 1 மி.மீ. மணல் இந்த அளவில் 9 செ.மீ. கல்லுக்குச் சமம்! செம்மண்ணை டீ வடிகட்டியில் சலித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகால் மேல் தூவினோம். கொலுவிலும் கிறிஸ்துமஸ் குடிலிலும் கேழ்வரகு முளைக்க வைத்துப் புல் செய்வார்களே, அது அழகுதான். ஆனால் 5 செ.மீ. முளை இங்கே நாலு மீட்டருக்கு மேல் உயரமான புல் ஆகிவிடும். அதனால் சணலைப் பொடியாக நறுக்கிப் போட்டோம். காய்ந்த துளசிக் கதிரில் பசை தடவி, மூன்று விதப் பச்சையில் சாயம் போட்ட மரத்தூளில் புரட்டினால் மரம் தயார்.

5. பழசாக்குதல்

புதுசாக இருந்தால் பொம்மை என்று காட்டிக் கொடுத்துவிடும். தண்டவாளத்தின் பக்கவாட்டில் துரு நிறம் அடியுங்கள். சக்கரம் ஓடும் மேல் பக்கம் மட்டும் பளபளக்க வேண்டும். பின்னால் வானத்துக்கு வைக்கும் சார்ட்டை மூலை தெரியாமல் வளைத்து வையுங்கள்.

இந்த வருஷமும் தாத்தா வந்தார். ஒன்றும் பேசவில்லை. மெதுவாக மலை மேல் ஒரு விரலை வைத்து, கீழே வரை கோடு போல் இழுத்தார். "ரோடு வர்றதுக்கு முன்னாடி, பலாப்பழத்தத் தலையில வச்சிக்கினு இப்படித்தான் எறங்குவோம். இந்த வழிய வுட்டுட்டியே பாப்பா" என்றார். இந்த வருஷமும் தப்புதான், ஆனால் எனக்கு அழுகை வரவில்லை. மலை எது என்று தெரிந்ததால்தானே வழி எங்கே என்று கேட்கிறார்!

அன்றைக்கே அவர் விரல் போன இடத்தில் பசை தடவிச் செம்மண் தூவி, அந்த ஒத்தையடிப் பாதையைப் போட்டுவிட்டோம். மாடல் இப்போது அறிவியல் அறையில் இருக்கிறது. வந்து பாருங்கள். உங்கள் தாத்தா பாட்டி நடந்த வழி தெரிந்தால் எங்களிடம் சொல்லுங்கள், இன்னும் இடம் இருக்கிறது.



9-ஆம் வகுப்பு மாணவி