ஆஸ்டிராய்டு பெயர் பெற்ற கதை

ஆஸ்டர் பூவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடுவில் மஞ்சள் வட்டம். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் விரிந்த இதழ்கள். புத்தகத்தில் அடிக்குறிப்பு உண்டு என்பதைக் காட்ட ஒரு சிறிய நட்சத்திரக் குறி போடுவார்கள் அல்லவா? அதற்கு ஆங்கிலத்தில் ‘ஆஸ்டெரிஸ்க்’ என்று பெயர். பூவுக்கும் குறிக்கும் மூலம் ஒன்றே. ‘ஆஸ்டர்’ என்றால் கிரேக்க மொழியில் நட்சத்திரம். ஆங்கிலத்தின் ‘ஸ்டார்’, வடமொழியின் ‘தாரா’ ஆகியவையும் இதற்கு உறவுச் சொற்கள்தாம்.

இதே சொல்லோடு ‘உருவம்’ என்று பொருள்படும் ‘எய்டோஸ்’ சேர்ந்து பிறந்ததே ‘ஆஸ்டிராய்டு’. அதாவது, நட்சத்திரம் போல் தோன்றுவது. ஆனால் நட்சத்திரம் தானே ஒளிவிடும் மாபெரும் வாயுக் கோளம். ஆஸ்டிராய்டுகளோ, பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிவரும் பாறைகள். சுய ஒளி கிடையாது. இந்தப் பொருந்தாப் பெயரை இவற்றுக்கு வைத்தது யார்?

1801-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இரவு. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் கியூசெப்பே பியாஸி என்ற வானியலார் ரிஷப ராசிப் பகுதியில் ஓர் ஒளிப்புள்ளியைக் குறித்துக்கொண்டார். அடுத்தடுத்த இரவுகளில் அது இடம் மாறியிருந்தது. நட்சத்திரமானால் அப்படி நகராது. தானியங்களின் தேவதையான சீரிஸின் பெயரை அதற்கு இட்டார். மறு ஆண்டு மார்ச்சில் ஜெர்மனியில் ஓல்பர்ஸ் என்பவர் பல்லாஸ் என்ற இன்னொன்றைக் கண்டார். புதிய கிரகங்கள் கிடைத்துவிட்டன என்று ஐரோப்பாவே மகிழ்ந்தது.

இங்கிலாந்தில் இருந்த வில்லியம் ஹெர்ஷலுக்கு மட்டும் ஐயம். 1781-இல் யுரேனஸைக் கண்டுபிடித்தவர் இவர். சிறிய தொலைநோக்கி ஒன்று கிடைத்தால் நீங்களே வியாழனைப் பாருங்கள். சிறு வட்டக் காசு போலத் தெரியும். ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள். அது புள்ளியாகவே நிற்கும். ஹெர்ஷல் தம் கையால் செய்த பெரிய தொலைநோக்கிகளில் பார்த்தபோதும் சீரிஸும் பல்லாஸும் ஏறக்குறைய புள்ளிகளாகவே தெரிந்தன. சீரிஸின் விட்டமே சுமார் 940 கிலோமீட்டர்தான். நம் சந்திரனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அத்தனை தொலைவில் அது வட்டமாக எப்படித் தெரியும்?

பார்வைக்கு நட்சத்திரம், நடையில் கிரகம். இதற்கு ஒரு பெயர் வேண்டுமென்று ஹெர்ஷல் தம் நண்பரும் இசை வரலாற்றாசிரியருமான சார்லஸ் பர்னியிடம் கேட்டார். பர்னி, கிரேக்கம் கற்ற தம் மகனிடம் கேட்டார். அந்த மகன் தந்த சொல்லே ‘ஆஸ்டிராய்டு’ என்பது பழைய கடிதங்களை ஆராய்ந்ததில் 2013-இல்தான் வெளிவந்தது. 1802 மே மாதம் லண்டன் ராயல் சொசைட்டியில் ஹெர்ஷல் அச்சொல்லை அறிவித்தார்.

எதிர்ப்பும் எழுந்தது. தாம் கண்ட யுரேனஸுக்கு இணையாக மற்றவர் கண்டவை வந்துவிடக் கூடாது என்றே ஹெர்ஷல் இப்படிச் செய்தார் என்று சிலர் தூற்றினர். ‘பிளானெட்டாய்டு’, அதாவது கிரகம் போன்றது என்பதே தகும் என்றார் பியாஸி. என்னைக் கேட்டால், நியாயம் பியாஸியின் பக்கமே. ஹெர்ஷலின் பெயர் பொருளைச் சொல்லவில்லை; தொலைநோக்கியில் கண்ட தோற்றத்தைத்தான் சொல்கிறது. சீரிஸையும் பல்லாஸையும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பாடநூல்கள் கிரகப் பட்டியலிலேயே வைத்திருந்தன. 1845-க்குப் பின் புதியவை மளமளவென்று கிடைக்கத் தொடங்கின. 1861-இல் சென்னை வானாய்வு நிலையத்தில் போக்சன் ஒன்றைக் கண்டார். ஆசிய மண்ணிலிருந்து கண்ட முதல் ஆஸ்டிராய்டு என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர். அதன் வரிசை எண் 67! அத்தனை கிரகங்களை எந்த மாணவன் மனப்பாடம் செய்வான்? ஹெர்ஷலின் சொல் நிலைத்தது.

மற்ற மொழியினர் எல்லோரும் இத்தோற்றத்துக்கு மயங்கவில்லை. சீன மொழிப் பெயருக்கு ‘சிறிய நடக்கும் மீன்’ என்று பொருள். இங்கே மீன் என்றால் விண்மீன்தான். ஜப்பானியர் சொல்வது ‘சிறிய தடுமாறும் மீன்’. அரபியில் இன்னும் அழகு. ‘கல்ப்’ என்றால் நாய், ‘குலைப்’ என்றால் நாய்க்குட்டி. அதே முறையில் கோளைக் குறிக்கும் ‘கவ்கப்’, ‘குவைகிப்’ ஆகிறது. கோள்குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்! வங்காளத்தில் கிரகத்தோடு அணுவைச் சேர்த்து ‘கிரகாணு’ என்கிறார்கள்.

நம் அண்டை மொழிகள் இரண்டு வேறு வழியில் சென்றன. தெலுங்கில் ‘கிரகசகலம்’, அதாவது கிரகத் துண்டு. மலையாளத்தில் ‘சின்னகிரகம்’. இது நம் ‘சின்ன’ அன்று. ‘சின்னாபின்னம்’ என்கிறோமே, அந்தச் சின்னம். வெட்டுண்டது என்று பொருள். ஒரு பெரிய கிரகம் உடைந்து சிதறியதே இவை என்று ஓல்பர்ஸ் 1802-இல் ஊகித்தார். அந்த ஊகம் இச்சொற்களில் இன்றும் உறைந்து நிற்கிறது. ஆனால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் உள்ள பாறைகளை எல்லாம் சேர்த்து நிறுத்தாலும் சந்திரனின் நிறையில் நூற்றில் மூன்று பங்கு அளவே தேறும். வியாழனின் ஈர்ப்பு அங்கே ஒரு கிரகம் உருவாகவே விடவில்லை என்பதுதான் இன்றைய விளக்கம். இருந்தாலும் தெலுங்கரையும் மலையாளிகளையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. இன்று காணும் சிறிய ஆஸ்டிராய்டுகள் பல, பெரிய ஆஸ்டிராய்டுகள் மோதி உடைந்த துண்டுகளே.

தமிழில் ‘சிறுகோள்’. ‘கொள்’ என்ற வினையிலிருந்து வந்தது கோள். பற்றிக்கொள்வது என்று பொருள். வடமொழி ‘கிரகம்’ என்பதற்கும் பிடிப்பது என்றே பொருள். “உனக்கு என்ன கிரகம் பிடித்தது?” என்று பாட்டி திட்டுகிறாரே, அது சொல்லின் மூலப் பொருளை ஒட்டிய பேச்சுதான்!

செய்தித்தாள்கள் பல நேரங்களில் சிறுகோளை ‘விண்கல்’ என்று எழுதிவிடுகின்றன. விண்கல் என்பது விண்ணிலிருந்து வந்து பூமியில் விழுந்து கிடக்கும் கல். 2029 ஏப்ரல் 13 அன்று அபோபிஸ் என்ற சிறுகோள் பூமியின் பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து போகும். பூமியில் மோதாது. எனவே அது சிறுகோள்தான், விண்கல் அன்று. அன்றைய செய்தியில் எந்தச் சொல் இருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள்.