சிறுதேர்

கலித்தொகையும் நன்னூலும் கற்பிக்கும் ஒருவன் மாலைதோறும் பாய் விரித்து, மருமகனோடு நிலத்திற் குந்தியிருந்து, ஜேர்மானியரின் போர்வண்டி ஒன்றைச் சிற்றுருவாகச் செய்துகொண்டிருந்தான் என்றால் அன்பர்கள் நகைப்பார்கள். எங்கள் கல்லூரியிலும் நகைத்தார்கள். "ஐயா, தேர் செய்வதென்றாற் கோணேசர் தேரைச் செய்திருக்கலாமே" என்றார் நண்பர் ஒருவர். செய்திருக்கலாந்தான். ஆனால் இலண்டனில் வாழும் என் தமையனார் தங்கை மகனுக்கென அனுப்பிய பெட்டிக்குள் கோணேசர் தேர் இருக்கவில்லை.

பெட்டியின்மேல் 'ரைகர்' என்று எழுதியிருந்தது. அதைக் கண்டதும் என் தங்கை பெட்டியைக் குப்புறத் திருப்பி மேசைமேல் வைத்தாள். புலி என்னும் விலங்கின் பெயரை உரத்துச் சொல்லாத காலம் ஒன்று எங்கள் திருகோணமலையில் இருந்தது. 2009-இற் போர் முடிந்தது. கையின் பழக்கம் முடியவில்லை. அதன்பின் பிறந்த பையனுக்குத் தாய் ஏன் அப்படிச் செய்தாள் என்பது விளங்கவில்லை. நானும் அன்று விளக்கவில்லை. இச்சாதியான வண்டிகள் தெருவிற் போகும்போது வீட்டுச் சுவரிலே தொங்கிய படங்கள் ஆடுவதை இளமையிற் கண்டவன் நான். அதை ஒருவன் விளையாட்டாகச் செய்வதா என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. பையன் பெட்டியைத் திறந்துவிட்டான், அவ்வளவே நடந்தது.

'தாங்கி' என்னும் சொல்லைப்பற்றிச் சிறிது கூறாது மேற்செல்ல என் தொழில் இடந்தராது. முதலாம் உலகப்போரிலே பிரித்தானியர் இவ்வண்டியை மறைவாகச் செய்தபோது, செய்வது நீர்த்தொட்டி என்று வெளியிற் சொல்லி வைத்தனர். 1916 செப்ரெம்பர் 15-இல், சோம் ஆற்றுப் போர்க்களத்தில் அவ்வண்டி முதன்முதலாக வெளிப்பட்டது. அதன்பின்னும் தொட்டி என்ற புனைபெயரே நிலைத்துவிட்டது. இலங்கை ஆங்கிலத்தில் அதே சொல் குளத்தையும் குறிக்கும். கந்தளாய்க் குளம் அவ்வாறே வழங்கப்பெறும். சீனக்குடாவில் நிற்கும் எண்ணெய்க் குதங்களுக்கும் அதுவே பெயர். 1942-ஆம் ஆண்டுத் தாக்குதலைப்பற்றிய ஆங்கிலப் பந்தி ஒன்றை ஒருமுறை வகுப்பில் மொழிபெயர்க்கக் கொடுத்தேன். 'ஜப்பானிய விமானம் மோதியதாற் குளம் தீப்பற்றி எரிந்தது' என்று எழுதித் தந்தான் ஒரு மாணவன். நான் புள்ளி குறைக்கவில்லை. அகராதி அவன் பக்கம் இருந்தது. நம் பத்திரிகைக்காரர் ஆங்கில ஒலியைத் தழுவித் தாங்கி என்றனர். தாங்குதல் என்னும் நம் வினையும் அதனுள்ளே தற்செயலாக வந்து குடியேறிக்கொண்டது. இத்தகைய விபத்துகள் மொழிக்கு நன்மையே செய்கின்றன.

பெட்டி ஜப்பானிலிருந்து வந்தது. ஷிசுவோக்கா என்னும் நகரிலே மரம் அரியும் தொழிலோடு தொடங்கிய 'தமியா' நிறுவனம், பின்னர் மரப் பொம்மைகளுக்கும் அதன்பின் பிளாஸ்டிக் சிற்றுருக்களுக்கும் மாறியது. தமியேன் என்று நம் புலவர் தம்மைச் சொல்லிக்கொள்ளும் சொல்லை அப்பெயர் எனக்கு நினைவூட்டிற்று. பையனோ இதில் எல்லாம் சிரிப்பதில்லை. அந்நிறுவனத்தார் 1960-களின் தொடக்கத்தில் 'பாந்தர்' என்னும் ஜேர்மானிய வண்டியைச் செய்தபோது, அதை ஓட்டும் மின்கலங்கள் இரண்டு அடங்கக்கூடிய அகலத்தை முதலில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதற்கேற்ப அமைத்தனராம். கணக்கிட்டுப் பார்த்தபோது அளவு முப்பத்தைந்தில் ஒன்றாக வந்தது. உலகெங்கும் இத்தொழில் செய்வோர் இன்று கைக்கொள்ளும் அளவுகளில் அது முதன்மையானது. தாளமானம் வகுத்த நம் சிற்பிகள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

முப்பத்தைந்தில் ஒன்று என்பதைப் பையனுக்கு நான் கணக்காகவே கற்பித்தேன். உண்மை வண்டியின் நீளம், முன்னே நீட்டிய பீரங்கியோடு 8.45 மீற்றர்; சிற்றுருவில் அது 24 சென்ரிமீற்றர். முன்புற இரும்பின் தடிப்பு 100 மில்லிமீற்றர். இங்கே மூன்று மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. உப்புவெளிக் கடற்கரையிற் பையன் அள்ளிவந்த மணலை நான் ஏற்கவில்லை. ஒரு மில்லிமீற்றர் மணல் இந்த அளவிலே மூன்றரைச் சென்ரிமீற்றர்க் கல்லாகிவிடும் அன்றோ? மஞ்சள்தூள் சலிக்கும் அரிதட்டிலே செம்மண்ணைச் சலித்து, அதனோடு அடுப்புச் சாம்பலைக் கலந்தோம். அதற்காக அரிதட்டின் உரிமைக்காரியிடம் ஏச்சும் வாங்கினோம்.

எங்களை மிகவும் வருத்தியவை சில்லுகள். ஒரு பக்கத்துக்கு அச்சுகள் எட்டு. ஒவ்வோர் அச்சுக்கும் சில்லுகள் மூன்று. இரு பக்கமும் நாற்பத்தெட்டு. அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மீன் செதிள் போல நிற்கும். 57 தொன் எடையைப் பரந்த நிலத்திலே பகிர்ந்து வைப்பதற்காக அப்படி அமைத்தார்கள். அறிவான ஏற்பாடே. ஆயினும் உள்வரிசைச் சில்லு ஒன்று பழுதானால் வெளிவரிசையிற் பலவற்றைக் கழற்ற வேண்டும். உருசிய நாட்டிலே இரவிற் சில்லுகளிடையே சேறு உறைந்து, விடியலில் வண்டி அசைய மறுத்ததும் உண்டு. புகையிரதத்தில் ஏற்றும்போது, போர்க்களத்துக்குரிய 725 மில்லிமீற்றர்ச் சங்கிலிப் பட்டையைக் கழற்றி 520 மில்லிமீற்றர்ப் பட்டையை மாட்டவேண்டும். அன்றேல் வண்டி தண்டவாளத்தின் எல்லைக்கு அடங்காது. 1942 முதல் 1944 வரை இவ்வகையிற் செய்யப்பட்டவை ஏறத்தாழ 1350 மாத்திரமே. இத்தனை நுட்பத்தையும் ஒரு பொருளிலே திணித்தவர்கள் தங்கள் எண்ணெய்க் கணக்கை ஏன் பார்க்கவில்லை என்று நான் வியந்ததுண்டு. ஒரு வண்டியின் தொட்டி 540 லீற்றர் பெற்றோலை விழுங்கும். நல்ல வீதியிலேயே அதனால் 200 கிலோமீற்றர் ஓட முடியாது. சீனக்குடாவின் குதம் ஒன்றோ ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்வது. குதத்தில் இருந்தது கப்பல் எரிக்கும் எண்ணெய், வண்டிக்கு வேண்டியது பெற்றோல். அதை விடுத்து அளவை மட்டும் நோக்கினால், அந்த ஒரு குதம் உலகில் உண்டான ரைகர் வண்டிகள் எல்லாவற்றையும் பதினாறு முறை நிரப்பும். இன்று அங்கே எஞ்சி நிற்பவை 99. எண்ணெய் இல்லாமலே ஓட்டுநரால் கைவிடப்பட்ட ரைகர்கள் பல.

பூசும் வேலைக்கு நாங்கள் தெரிந்த காலம் தவறான காலம். ஆடி மாதக் கச்சான் காற்று வாசலால் வந்து ஈரப்பூச்சிலே தூசியை ஒட்டிவிட்டுப் போயிற்று. 'ஐயா, தானாகவே புழுதி படிந்துவிட்டது, நல்லதுதானே' என்றான் பையன். படிந்த இடம் பிழை. புழுதி சக்கரத்தருகே அடர்ந்து, மேலே போகப் போக மெலிய வேண்டும். காற்று அதை அறியாது. துருவிலும் இப்படி ஒரு வாதம் எழுந்தது. 1942-இல் எங்கள் துறைமுகத்தில் எரிந்து, பின்னர்க் கடலடியிற் கிடந்து, 2018-இற் கடற்படையினரால் மிதக்கவிடப்பட்ட 'சகாயிங்' கப்பலின் படங்களைப் பத்திரிகைகளில் வெட்டி வைத்திருந்தேன். அந்நிறத்தை அப்படியே பூசிவிட்டான். முக்கால் நூற்றாண்டு நெய்தலிற் கிடந்த இரும்பின் துரு, சில மாதமே ஓடிய வண்டிக்கு எப்படி வரும்? அழிக்கச் சொன்னேன். அடுத்த பிழை என்னுடையது. ஆபிரிக்கா என்றவுடன் பாலைத்திணை என்று எண்ணி, வண்டி நிற்கும் நிலத்தை மணற்பரப்பாகச் செய்வித்தேன். வடதுனீசியாவிலே ஏப்ரல் மாதம் கோதுமை வயலும் பூத்த புல்லுமாக இருக்கும் என்று பின்னரே அறிந்தேன். சங்கப் பாடல்களைக் கற்பிப்பவன் முதற்பொருளை ஆராயாது உரிப்பொருளுக்குப் போனது வெட்கக்கேடு.

துனீசியாவைச் சொல்லக் காரணம், நாங்கள் செய்தது பொதுப்பட ஒரு ரைகர் அன்று. 131 என்னும் எண் பூண்ட வண்டி. முதற் பிரிவு, மூன்றாம் அணி, முதல் வண்டி என்பது அவ்வெண்ணின் பொருள். 1943 ஏப்ரலில் அது பிரித்தானியர் கையிற் சிக்கியது. எறிகணை ஒன்று பீரங்கிக் குழலின் அடியிலே பட்டுத் தெறித்துச் சுழற்கோபுரத்தைத் திரும்பவிடாது இறுக்கியது. உள்ளிருந்த ஐவரும் வண்டியை அழிக்காமலே இறங்கிப் போய்விட்டனர். இன்று அது இங்கிலாந்திலே பொவிங்ரன் தாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஓடவும் செய்கிறது. அந்த எறிகணை கிழித்த வடுவைச் சூடேற்றிய ஊசியாலே பையன் செய்தான். இம்முழு வேலையிலும் எனக்குப் பிடித்தது அந்த வடுவே.

"நம்மட ஆட்கள் ஆரும் அந்தச் சண்டையில நிண்டவையா மாமா?" என்று ஒருநாட் கேட்டான். நின்றார்கள். நான்காம் இந்தியப் படைப்பிரிவு துனீசியாவிற் போரிட்டது. அதனோடு சென்ற சென்னைப் பொறியியற் படையினருக்கு இன்றுவரை 'தம்பிகள்' என்றே பெயர். பாதை அமைப்பதும் கண்ணிவெடி அகற்றுவதும் அவர்கள் வேலை. அப்படையைச் சேர்ந்த சுப்பிரமணியன் என்பார் 1944 பெப்ரவரி 24-இல் இத்தாலியின் மின்யானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணியின்மேல் தம் உடலைப் போட்டுத் தம்முடன் நின்றவர்களைக் காத்து மாண்டார். ஜோர்ஜ் சிலுவை விருது அவருக்கு அளிக்கப்பட்டது. செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். கண்ணிவெடி என்றால் என்ன என்பதைப் பையனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைப் படத்திலேனும் கண்டிருப்பர்.

பட்டினப்பாலையிலே, முற்றத்திற் காயும் தானியத்தைக் கொத்தவந்த கோழியை மகளிர் தம் காதணி கழற்றி எறிந்து விரட்ட, அவ்வணி சிறுவர் உருட்டும் மூன்றுகாற் சிறுதேரின் வழியை மறித்தது என ஒரு காட்சி வருகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமும் சிறுதேரே. இதை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் செல்வச் சிறப்பைச் சொல்லிவிட்டு அப்பாற் போவேன். இந்த முறை வேறொன்று தோன்றிற்று. தேர் என்பது நால்வகைப் படையில் ஒன்று. பகைவர் உடல்மேல் உருண்டது. அதைத் தச்சன் சிறிதாக்கிக் குழந்தை கையிற் கொடுத்திருக்கிறான். புலவரும் அதைக் கொண்டாடியிருக்கின்றனர். நண்பரின் நகைப்புக்கு இதை விடையாகச் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. "அந்தத் தேர் போரை மறந்த தேர், உங்கள் வண்டி வடுவோடு வந்திருக்கிறதே" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

எடை ஒன்று எஞ்சியிருந்தது. நீளம் முப்பத்தைந்தில் ஒன்றானால், எடை முப்பத்தைந்தை மூன்றுமுறை பெருக்கிய தொகையில், அதாவது 42,875-இல் ஒன்றாதல் வேண்டும். 57 தொன் அவ்வாறு 1330 கிராம் ஆகிறது. எங்கள் வண்டி கடைத் தராசில் அரைக் கிலோ தானும் இல்லை. பையன் பக்கத்து மீனவரிடம் வலையிற் கட்டும் ஈயமணிகளை வாங்கிவந்து, மெழுகு உருக்கி ஊற்றி, உள்ளே நிறைத்தான். சரியாக 1330 கிராம். கையில் எடுத்தபோது அதற்கு ஒரு வீறு இருந்தது. மூடிகளை எல்லாம் பசையிட்டு ஒட்டி, பாடசாலைக் கண்காட்சிக்கு ஆயத்தமாக வைத்தான்.

கண்காட்சிக்கு இரண்டு நாளின் முன் என் அன்னையார் அதைத் தம் மடியில் வைத்துப் பார்த்தார். 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை, ஜப்பானியர் குண்டு போட்ட காலையில் அவர் ஒரு வயதுக் குழந்தை. பாட்டியார் அவரை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாட்டுவண்டி பிடித்துத் தம்பலகாமத்துக்கு ஓடினாராம்.

"இதுக்குள்ள எத்தினை பேர் மோனே?"

"அஞ்சு பேர் அம்மம்மா."

"செத்துப் போச்சினமா?"

"இல்லை. இறங்கிப் போயிட்டினம்."

அன்னையார் வண்டியைச் சுற்றித் திருப்பிப் பார்த்தார். "எங்கட அம்மா அண்டைக்கு அடுப்பில உலையும் கிடக்க, வாசற்கதவும் திறந்து கிடக்கத்தான் ஓடினவ. இறங்கி ஓடினவன் கதவைப் பூட்டிப்போட்டே ஓடினவன்?"

பையன் என்னைப் பார்த்தான். மூடியைத் திறந்தால் உள்ளே தெரிவது ஈயமும் மெழுகும். அவற்றை எடுத்தால் எடை போய்விடும். அந்த 1330 கிராமைக் கண்காட்சி அட்டையிலே கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரவு விளக்கைப் போட்டுக்கொண்டு, நகம் அராவும் சிறு அரத்தாலே தளபதியின் மேல்மூடியை விளிம்பு விளிம்பாகக் கிளப்பினான். ஒரு மூலை உடைந்தது. பழைய மின்விசிறிச் சுருளின் செப்புக்கம்பியிற் சிறு பிணைச்சல் செய்து, மூடியைத் திறந்த நிலையிற் பொருத்தினோம். மற்ற மூடிகளையும் அவ்வாறே செய்தோம். சுழற்கோபுரத்தைக் கழற்றிச் சுடுநீர்ப் பாத்திரத்தின் மேலே பிடித்து, மெழுகு இளக இளக ஈயமணிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். மறுநாட் காலை அவற்றை ஒரு பேணியிற் போட்டு மீனவரிடம் கொடுத்துவிட்டு, அட்டையின் எடை வரியைக் கறுப்பு மையால் அடித்தான்.