வெளிநாட்டில் பொருளியல் மேற்படிப்பு: காணியை விற்கும் முன் கணிதத்தைப் பாருங்கள்

பட்டமளிப்பு விழாக்கள் முடிந்த கையோடு வெளிநாட்டுக் கல்வி முகவர்களின் விளம்பரங்கள் எமது ஊர்களின் வட்ஸ்அப் குழுமங்களை நிறைத்துவிடுகின்றன. ஒரு வருடத்தில் முதுமாணி, படிக்கும்போதே வேலை என்பதுதான் அவற்றின் சாரம். கலை, வர்த்தகப் பிரிவுகளில் பொருளியல் கற்று, பல்கலைக்கழகத்திலும் அதையே முடித்த பிள்ளைகள் இதற்கு எளிதில் வசப்படுகிறார்கள். வாப்பாவின் காணியும் உம்மாவின் நகையும் இதற்காகக் கைமாறும் வீடுகள் உண்டு.

பொருளியலைப் பொறுத்தவரை இந்த அவசரம் வீணானது. மாணவனுக்குப் பணம் கொடுத்து மேற்படிப்புப் படிப்பிக்கும் துறைகளில் இதுவும் ஒன்று. அந்தப் பணம் யாருக்குக் கிடைக்கும் என்பதை மாணவனின் கணிதமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இதை இரண்டாம் வருடத்தில் யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் கடனிலிருந்து தப்பியிருக்கும்.

அமெரிக்காவில் பொருளியல் கலாநிதிப் பட்டத்துக்கு முதுமாணி இல்லாமலேயே விண்ணப்பிக்கலாம். ஐந்து, ஆறு வருடப் படிப்பு அது. நல்ல பல்கலைக்கழகங்கள் தாம் சேர்த்துக்கொள்ளும் மாணவரிடம் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை கொடுத்து, வாழ்க்கைச் செலவுக்கும் தருகின்றன. பிரித்தானியாவின் ஒரு வருட முதுமாணி இதற்கு நேர்மாறானது. அங்கே சர்வதேச மாணவர் செலுத்தும் கட்டணம் பல்கலைக்கழகத்தின் வருமானம். இரண்டுக்கும் பெயர் மேற்படிப்புத்தான், வரவுசெலவு வேறு.

கணிதம் ஏன் இவ்வளவு முக்கியம்? கலாநிதிப் படிப்பின் முதல் வருடத்தில் நுண்பொருளியல், பேரினப் பொருளியல், பொருளாதார அளவையியல் ஆகிய மூன்றையும் படித்துத் தகுதிகாண் பரீட்சை எழுத வேண்டும். நுண்பொருளியலுக்குப் பல இடங்களில் பயன்படும் நூல் மாஸ்-கொலல், வின்ஸ்டன், கிரீன் மூவரும் எழுதி 1995இல் வெளிவந்தது. ஏறத்தாழ ஆயிரம் பக்கம். உயர்தரத்தில் நாம் வரைந்த கேள்வி, நிரம்பல் வளையிகள் அதில் தேற்றங்களாகவும் நிறுவல்களாகவும் வருகின்றன. சாதாரண தரத்தோடு கணிதத்துக்கு விடைகொடுத்த மாணவருக்கு அந்த நூலின் முதல் அத்தியாயமே மலையாக நிற்கும். அனுமதிக் குழுவுக்கும் இது தெரியும். ஆகவே பெறுபேற்று அட்டவணையில் அவர்கள் முதலில் தேடுவது வகையீடு, தொகையீடு, தாயங்கள், நிகழ்தகவு, முடிந்தால் மெய்ப்பகுப்பாய்வு. ஜீஆர்ஈ பரீட்சையில் கணிதப் பகுதிக்கு உச்சப் புள்ளி 170. முன்னணித் துறைகளுக்கு விண்ணப்பிப்போர் அதை ஒட்டியே எடுக்கிறார்கள்.

கலைப்பிரிவில் வந்தவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் கணித, புள்ளிவிபரவியல் துறைகளின் பாடங்களை எடுக்க இடமிருந்தால் எடுக்க வேண்டும். "அது கஷ்டம், புள்ளி குறையும்" என்று சிரேஷ்ட மாணவர்கள் தடுப்பார்கள். கேட்காதீர்கள். அத்துடன் மூன்று வருடப் பொதுப் பட்டத்தை விட நான்கு வருடச் சிறப்புப் பட்டமே வெளிநாட்டில் இலகுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பட்டம் முடிந்ததும் உடனே விமானம் ஏறாமல், கொள்கைக் கற்கைகள் நிறுவகம், வெரிட்டே ரிசர்ச் போன்ற இடங்களில் ஆய்வு உதவியாளராக ஓரிரு வருடம் வேலை செய்வது கைகொடுக்கும். ஸ்டாட்டா, ஆர் போன்ற மென்பொருள்கள் கைக்கு வரும். ஆய்வை நேரில் பார்த்த ஒருவர் சிபாரிசுக் கடிதம் எழுதவும் வாய்ப்புண்டு.

அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எமது நாட்டில் இக்கடிதங்கள் பெரும்பாலும் நற்சான்றுப் பத்திரங்கள்: ஒழுக்கமானவர், பணிவானவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன். மாப்பிள்ளை பார்க்க அது உதவலாம். அனுமதிக் குழு எதிர்பார்ப்பது வேறு. இந்த மாணவர் எந்தக் கேள்வியை ஆராய்ந்தார், எங்கே தடுமாறினார், நான் படிப்பித்தவர்களில் எத்தனையாவது இடத்தில் வைப்பேன் என்பதைத்தான். விரிவுரையாளரிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்வதில் தவறில்லை.

முதுமாணி மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கும் புலமைப்பரிசில்கள் உண்டு. பிரித்தானியாவின் செவனிங் முழுச் செலவையும் ஏற்கிறது. அதற்கு 2,800 மணித்தியால வேலை அனுபவம் தேவை, முடித்தபின் இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும். ஃபுல்பிரைட், அவுஸ்திரேலியா அவார்ட்ஸ், துருக்கிய அரசின் புலமைப்பரிசில் என்பனவும் உள்ளன. எரஸ்மஸ் முண்டஸ் மாதம் 1,400 யூரோ தருகிறது. ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கற்பித்தல் கட்டணமே இல்லை. பொன் பல்கலைக்கழகத்தின் பொருளியல் முதுமாணி ஆங்கிலத்திலேயே நடக்கிறது. அங்கே தடையாக இருப்பது, வீசாவுக்காக முடக்கக் கணக்கில் வைக்க வேண்டிய 11,904 யூரோ. அது மாதாமாதம் உங்களுக்கே திரும்பி வரும் பணம்தான் என்றாலும், முதலில் கையில் இருக்க வேண்டுமே.

சொந்தச் செலவில் போகிறவர்கள் 2022ஐ மறக்கக் கூடாது. அந்த வருடத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமாகும்போது 360 ரூபாவைத் தொட்டது. பிள்ளையை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்த பெற்றோருக்கு மீதிக் கட்டணம் சில வாரங்களில் முக்கால் மடங்குக்கு மேல் கூடிப்போனது. பிரித்தானிய வீசாவுக்காக 28 நாள் கணக்கில் காட்டும் பணத்தை யாரிடமாவது இரவல் வாங்கிப் போட்டுவிட்டு, போனபின் வாரம் 20 மணித்தியால வேலையில் எல்லாவற்றையும் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடுவது ஆபத்தானது. அந்தக் கூலி வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே இழுபறி. வட்டிக் கடன் எடுத்தவரின் நிலைமையைச் சொல்லவே வேண்டியதில்லை. மார்க்கம் தடுத்த ஒன்றை, தேவையே இல்லாத ஓர் இடத்தில் சுமப்பது ஏன்?

"பொருளியல் முழுக்க வட்டிதானே, அதைப் படிக்கலாமா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வட்டி வீதம் ஒரு நாட்டின் விலைவாசியை எப்படி அசைக்கிறது என்று அறிவதும் வட்டி வாங்குவதும் ஒன்றல்ல. 2011இல் அமானா வங்கி தொடங்கியபோதும் அதற்கு இரண்டையும் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். இஸ்லாமிய நிதியியலில் ஆய்வு செய்ய விரும்புவோர் மலேசிய சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். செலவு குறைவு, சூழலும் பழக்கமானது. ஆனால் தரவுகளைக் கையாளத் தெரியாமல் அத்துறையிலும் இன்று தூரம் போக முடியாது.

எமது சகோதரிகள் விடயத்தில் யாருடன் போவது என்ற கேள்வி வீட்டில் முதலில் எழுகிறது. பிரித்தானியாவில் கற்பித்தல் முதுமாணி மாணவர்கள் 2024 ஜனவரி முதல் கணவரையோ பிள்ளைகளையோ தங்கியிருப்போராக அழைத்துச் செல்ல முடியாது. அரச புலமைப்பரிசில் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே. கலாநிதி மாணவருக்கு அந்தத் தடை இல்லை. அமெரிக்காவில் குடும்பம் கூடப் போகலாம், ஆனால் எஃப்-2 வீசாவில் கணவர் வேலை செய்ய முடியாது. முகவர் இதையெல்லாம் முன்பணம் வாங்கியபின்தான் சொல்வார்.

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 ஜூன் முதல் மாணவர் வீசாவுக்கு விண்ணப்பிப்போர் தமது சமூக ஊடகப் பக்கங்களைப் பொதுப் பார்வைக்குத் திறந்துவைக்கும்படி கேட்கப்படுகிறார்கள்.

கலாநிதி விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிவடைகின்றன. ஒவ்வொன்றுக்கும் நூறு டொலர் அளவில் கட்டணம் போகும்; கஷ்டத்தை எழுதிக் கேட்டால் விலக்களிக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பதில்கள் பெப்ரவரி, மார்ச்சில் வரும். உதவித்தொகையுடன் இடம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்கு ஏப்ரல் 15க்குள் முடிவைச் சொன்னால் போதும் என்பது அங்குள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்ட நடைமுறை.