மனையைக் கேட்டுப் பார்!

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அதற்கும் முன்னால் “மனையைக் கேட்டுப் பார்” என்று ஒன்றைச் சேர்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது லால்பேட்டையில்தான்.

சிதம்பரத்துக்கு மேற்கே, காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில், வீராணம் ஏரிக் கரையோரம் இருக்கும் பேரூராட்சி இது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களின் குடும்பங்கள் இங்கே ஏராளம். அங்கே சம்பாதிக்கும் பணம் இங்கே மனையாகவும் மாடியாகவும் மாறுகிறது. பணம் அனுப்புகிறவர் அக்கரையில் இருக்கிறார். தரகரிடம் பேசி, பத்திரம் பார்த்து, கொத்தனாருக்குக் கூலி கொடுக்கிற பொறுப்பு இக்கரையில் இருக்கும் வீட்டு அம்மாளுக்கு.

அப்படி ஓர் அம்மாளைச் சந்தித்தேன். வர்ணம் தீட்டிய மனைப்படம் ஒன்றை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். மறுநாள் காலையில் முன்பணம் கொடுக்க வேண்டுமாம்.

“அவங்க வெயில்லே நின்னு சம்பாதிக்கிற காசு. நான் இங்கே ஏமாந்துட்டா, அவங்க முகத்திலே எப்படி முழிப்பேன்?” என்றார்.

அவர் கேட்ட கேள்விகள் நம் வாசகியர் பலருக்கும் எழக் கூடியவை. ஆகையால் ஒவ்வொன்றாகவே பார்ப்போம்.

“யார் பேரிலே வாங்கலாம்?”

வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே வீடும் வீட்டு மனையும் கடையும் வாங்கலாம். ஆனால் வயல், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அவரை அனுமதிப்பதில்லை. மீறினால், சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். “இப்போதைக்கு வயல், நாளைக்கு மனை” என்று தரகர் சொன்னால், கணவர் பெயரில் பத்திரம் எழுத ஒருநாளும் சம்மதிக்காதீர்கள்.

ஊரிலேயே இருக்கும் மனைவியின் பெயரில் மனை வாங்கினால் ஒரு சகாயமும் உண்டு. 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் ரூபாய் மதிப்புக்குட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறது தமிழக அரசு.

“பவர் பத்திரம் இருந்தாப் போதாதா?”

போதாது. பவர் பத்திரம் கொடுத்ததனால் மட்டும் சொத்து கை மாறிவிடாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. பதிவு செய்த கிரயப் பத்திரம்தான் சொத்து. விற்பவருக்காக ஏஜெண்டு கையெழுத்துப் போட்டால், பவர் கொடுத்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று நிச்சயப்படுத்திக் கொள்ளுங்கள். அவர் காலமானதும் பவரும் காலமாகிவிடும்! வெளிநாட்டிலிருந்து உங்கள் கணவர் பவர் அனுப்புவதானால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பச் சொல்லுங்கள். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்டிவிட வேண்டும்.

“கல்லு நட்டிருக்காங்களே, அது மனைதானே?”

இங்கேதான் அநேகர் அகப்பட்டுக் கொள்கிறார்கள். நாலு கல்லும் ஒரு கொடியும் நட்டுவிட்டால் வயல் மனையாகிவிடாது. ஊர் ‘அ’ பதிவேட்டில் அது நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கா என்று எழுதியிருக்கும். நகரமைப்புத் திட்டம் இல்லாத பகுதிகளில் விளைநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற 2017-ஆம் வருஷத்து விதிகளின்படி அனுமதி பெற வேண்டும். நஞ்சையானால் கலெக்டரின் கருத்தையும் கேட்டாக வேண்டும்.

காட்டுமன்னார்கோயில் வட்டாரம் 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்ந்தது. அதைச் சொல்லிச் சிலர் பயமுறுத்துகிறார்கள். அந்தச் சட்டம் எண்ணெய்க் கிணறு, உருக்காலை போன்றவற்றைத் தடுப்பது. குடியிருக்கும் வீட்டுக்கு அதனால் தடையில்லை.

மனைப் பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகார எண் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கீகாரமில்லாத புதிய மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை ஐகோர்ட் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனையான பழைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. பழைய மனையானால், வரன்முறை உத்தரவின் நகலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

“பக்கத்திலே ஒரு சின்ன ஓடை போகுதே?”

இந்த ஊரில் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி! வீராணம் நிரம்பினால், லால்பேட்டையிலுள்ள வெள்ளியங்கால் ஓடை மதகு வழியாகத்தான் உபரி நீரைத் திறந்து விடுகிறார்கள். கோடையில் புல் முளைத்துக் கிடக்கும் பள்ளம் ஐப்பசியில் ஆறாகிவிடும். நில அளவைப் படத்தைப் பார்த்தால் வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று தெரியும். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கு வரி ரசீது இருந்தாலும், மின்சாரம் இருந்தாலும், அது வீட்டைக் காப்பாற்றாது. ஒருநாள் இடிக்க வருவார்கள். மழைக் காலத்தில் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். அண்டை வீட்டாரைக் கேளுங்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத சங்கதி அவர்களுக்குத் தெரியும்.

“வீடு கட்ட அனுமதிக்கு ரொம்ப அலையணுமா?”

நிலம் சுத்தமாயிருந்தால் அலைச்சல் இல்லை. 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை, தரையும் ஒரு மாடியுமாகக் கட்டும் வீட்டுக்கு, 2024 ஜூலை முதல் சுயசான்று முறை வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி கிடைக்கும். ஆனால் சான்று சொல்பவர் நீங்களே. பொய்யானால் பொறுப்பும் உங்களுடையதே.

பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும், தரை மாற்றவும், பூச்சு வேலை பார்க்கவும் அனுமதி தேவையில்லை. மாடி எடுப்பது, அறை சேர்ப்பது என்றால் தேவை. சுவரை இடித்த பிறகு அனுமதியைத் தேடுவது கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்ப்பது போல!

எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டார் அந்த அம்மாள். பட்டாவையும் ‘அ’ பதிவேட்டையும் அரசாங்க இணையதளத்தில் பார்க்கலாம் என்றதும், கல்லூரியில் படிக்கும் மகளைக் கூப்பிட்டார். மகள் செல்போனில் புல எண்ணைத் தட்டினாள். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

“நஞ்சைன்னு போட்டிருக்கும்மா” என்றாள்.

அம்மாள் மனைப்படத்தை மடித்து வைத்தார். பிறகு கணவருக்குப் போன் போட்டார்.

“நாளைக்குப் பணம் அனுப்ப வேண்டாங்க. அங்கீகார உத்தரவைக் காட்டட்டும். அதுக்கப்புறம் பேசிக்கலாம்.”

அக்கரையில் அவர் என்ன சொன்னாரோ, எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அம்மாளின் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிவு வந்திருந்தது.